மூச்சு விடாமல் பேசியவன்

ஊரில் எவனெவனோ பாட்காஸ்ட் நடத்துகிறான். மைக் ஒன்று வாங்கிவிட்டால் போதும், உலகத்துக்கே பாடம் எடுக்கக் கிளம்பிவிடுகிறான். அந்தக் கூட்டத்தில் 'வாய்க்கு வந்தபடி' எவ்வளவோ தேவலை. அதில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து சினிமாப் பாட்டுகளையும் டிவி நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் நார் நாராகக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கேட்டவர்கள் பஸ்ஸில் தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரரை எழுந்து வேறு இடம் பார்க்க வைத்தார்கள்.

அதில் பேசுகிறவன் ரேடியோ. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அலுத்துப்போய் வைத்த பெயர். "அணைக்கிறதுக்குப் பொத்தானே இல்லையாடா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டார், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. வளர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினான். அவனிடம் கார் பழகியவர்களுக்கு கியர் போடுவதோடு சேர்ந்து பழைய பாட்டுகளின் வம்புக் கதைகளும் அத்துப்படி.

இன்னொருவன் மீசை. அவனுக்கு மீசையே கிடையாது. வரும் வரும் என்று பத்தாம் வகுப்பு முழுக்கக் காத்திருந்து, கடைசியில் பேனாவால் வரைந்துகொண்டு குரூப் போட்டோவுக்கு நின்றவன். அந்த போட்டோ இன்னும் பலர் வீட்டில் இருக்கிறது, பாவம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் அவனுக்கு வேலை. லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் பிசிறில்லாமல் உட்கார வைக்க வேண்டும். நிகழ்ச்சியில் அவன் அதிகம் பேசமாட்டான். "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுப்பான், "அடப்பாவி!" என்பான், சிரிப்பான். அவனுடைய வித்தையெல்லாம் பதிவு முடிந்த பிறகுதான்.

பதிவு நடந்தது டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில். சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள், மூலையில் பாதி வெட்டிக் காட்சிக்கு வைத்த எஞ்சின், நடுவில் ரோடு வரைந்த பெரிய மேஜை. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று பொம்மைக் கார்களை நகர்த்திக் காட்டுகிற மேஜை அது. சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் கார்களை ஓரம் கட்டிவிட்டு மைக்குகளை வைப்பார்கள். வெளிச்சத்தம் வராமல் ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டுவார்கள். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதையும் நிறுத்திவிடுவார்கள். வியர்த்து வழிந்துகொண்டு இரண்டு பேரும் பனிமலைப் பாட்டுகளைக் கிண்டல் செய்வார்கள்.

ஞாயிறு மதியம் மீசை கம்ப்யூட்டர் முன் உட்காருவான். திரையில் பேச்சு மேடும் பள்ளமுமாகத் தெரியும். பேசாத இடம் வெறும் கோடு. அந்தக் கோட்டைக் கண்டால் அவனுக்குக் கை பரபரக்கும். வெட்டுவான். 'ஆ', 'ம்', தொண்டைக் கனைப்பு, மூச்சு வாங்குகிற சத்தம், எல்லாவற்றையும் வெட்டுவான். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவான். "எப்படி சார் அந்த மனுஷன் மூச்சே விடாம பேசறாரு?" என்று ரசிகர்கள் எழுதினால், பாராட்டு ரேடியோவுக்குப் போகும், பெருமை மீசைக்கு வரும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவனாலும் நாள் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை, பைக்கில் போகும் கதாநாயகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றான்.

"அந்த... தலைல மாட்டிப்போமேடா..."

"தொப்பியா?"

"இல்லடா. ரோட்டுல... போலீஸ் புடிப்பாங்களே, போடலைன்னா..."

"ஹெல்மெட்டு!"

"ஆங், ஹெல்மெட்டு! தொண்டையிலேயே நிக்குது, வெளிய வரமாட்டேங்குது."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டிரைவிங் மாஸ்டருக்கு ஹெல்மெட் மறந்துபோனதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்? நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று மீசை சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தை வெட்டினான்.

அடுத்தடுத்த வாரங்களில் வெட்ட வேண்டிய இடங்கள் கூடின. முன்பெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை, மதியம் முழுவதையும் விழுங்கத் தொடங்கியது. ரேடியோ ஒரு வார்த்தையைத் தேடி எங்கெங்கோ சுற்றுவான். மீசை எடுத்துக் கொடுப்பான், ரேடியோ அதைத் திரும்பச் சொல்வான், அதிலும் பாதி குழறும். சில வாக்கியங்கள் முடியவே முடியாமல் அந்தரத்தில் நின்றன. அவற்றை எறிந்துவிடலாம், ஆனால் எறிந்தால் நகைச்சுவை போய்விடும். அப்போதுதான் மீசைக்கு அந்த யோசனை வந்தது. பழைய நிகழ்ச்சிகள் அத்தனையும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ரேடியோ பேசாத வார்த்தை உலகத்தில் எது? விட்டுப்போன வார்த்தையைப் பழைய பேச்சில் தேடிக் கண்டுபிடித்து, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் கொண்டுவந்து சொருகினான். கன கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பிரபலமான வாக்கியம். 'பாட்டு நீதிமன்றம்' என்று ஒரு பகுதி வைத்திருந்தார்கள். வாரம் ஒரு பாட்டைக் கூண்டில் ஏற்றி ரேடியோ வக்கீலாக வாதாடுவான். பனிமலைப் பாட்டு கூண்டில் நின்ற வாரம் இப்படி முழங்கினான்: "குளிர்ல ஹீரோவுக்கு நாலு சட்டை, அதுக்கு மேல ஒரு கோட்டு, கழுத்துல மப்ளர், கையில கிளவுஸ், ஹீரோயினுக்கு மட்டும் கொசுவலையில பாதி! நான் கேஸை தயாரிப்பாளர் மேல போடணுமா, கொசு மேல போடணுமா, கனம் நீதிபதி அவர்களே?"

ஒரே மூச்சில் வந்த வாக்கியம் என்று ஊரே கொண்டாடியது. அதை வெட்டி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஒரு கல்லூரி ஆண்டுவிழாவில் ஒருவன் மிமிக்ரி செய்தான். உண்மையில் வகுப்பறையில் நடந்ததே வேறு. மப்ளர் வரவில்லை, கிளவுஸ் வரவில்லை. "கட்டிலுக்கு மேல... கொசு வராம... கட்டுவோமேடா" என்று ரேடியோ கையால் காற்றில் சதுரம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். பல பழைய நிகழ்ச்சிகளிலிருந்து பொறுக்கி மீசை தைத்த சட்டை அது.

நிகழ்ச்சி வெளியானதும் ரேடியோ போன் செய்தான். "கேட்டேன்டா. நல்லா... வந்திருக்கு, இல்ல?" என்றான். "சூப்பரா வந்திருக்கு" என்றான் மீசை. வெட்டு என்று அவன் சொன்னதில்லை, ஒட்டினேன் என்று இவனும் சொன்னதில்லை. உள்ளுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தத்தான் செய்தது. நிகழ்ச்சி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, குத்தலை யார் சட்டை செய்வார்கள்?

வீட்டில் ரேடியோவின் மனைவி, மழலையர் வகுப்பு டீச்சர். தன்னைவிட ரேடியோ சில மாதம் மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக மீசை அவளை அண்ணி என்பான், அவளும் தம்பி என்பாள். சின்னப் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை முகம் கோணாமல் காத்திருந்து பழகியவள். அவள் ஒரு முறை மீசையிடம் கேட்டாள்: "தம்பி, இவரு உங்ககிட்ட நல்லாப் பேசறாரா? வீட்டுல பேச்சே குறைஞ்சு போச்சு."

"நாள் முழுக்க கத்திக் கத்தி சொல்லிக் குடுக்கறான்ல அண்ணி. அசதியா இருக்கும்."

"அதான் நானும் நெனச்சேன். நிகழ்ச்சியில பொளந்து கட்டறாரே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பாக இல்லை. மீசை அதைக் கவனித்தான், கவனிக்காததுபோல் பேச்சை மாற்றினான்.

பிறகு ஒரு காலை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். ரேடியோ "பிரேக்" என்று சொல்ல வேண்டும். வாயில் வந்தது "கண்ணாடி! கண்ணாடி!" அவர் சொன்ன பேச்சு கேட்கிறவர். கண்ணாடியை நன்றாகப் பார்த்துக்கொண்டே மதில்சுவரில் போய் இடித்தார். பழக்குகிறவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாய் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கால் அதை மறந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் இறங்கி வந்த ரேடியோ, சுவரைக் காட்டி அதற்கு என்ன பெயர் என்று அந்தப் பெண்மணியிடமே கேட்டிருக்கிறான். அவர்தான் பயந்துபோய் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில், பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி ஒரு கட்டி. டாக்டர் அறையில் மீசை ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

"பேச்சுல தடுமாற்றம் எப்போ ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்" என்றாள் அண்ணி. "அதுக்கு முன்னாடியெல்லாம் பிரமாதமா பேசினாரு. ரெக்கார்டே இருக்கு, கேக்கறீங்களா?"

"இது ரெண்டு மாசக் கதை மாதிரி தெரியலையேம்மா. சின்னதா இருக்கறப்பவே வந்திருந்தா, பேச்சுப் பகுதியைத் தொடாம எடுத்திருக்கலாம். இப்போ உயிருக்கு பயம் இல்ல. பேச்சுக்குத்தான் என்னால உறுதி சொல்ல முடியாது."

"தெரியாமப் போச்சே டாக்டர்" என்றாள் அவள்.

மீசை ஓரடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். ரேடியோ திரும்பி அவனைப் பார்த்தான். என்ன பார்வை என்று புரியவில்லை. மீசை வாயை மூடிக்கொண்டான். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பயந்தாங்கொள்ளிகளுக்குச் சமாதானங்கள் எப்போதுமே கைவசம் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து ரேடியோ வீட்டுக்கு வந்தான். உயிர் இருந்தது, அறிவு இருந்தது, சொன்னதெல்லாம் புரிந்தது. பேச்சு மட்டும் இல்லை. 'ஆமா', 'வேணாம்', 'தண்ணி' என்று கைவிரலில் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் வார்த்தைகள். வேடிக்கை என்னவென்றால் பாட்டு வந்தது. பல்லவியை யாராவது தொடங்கினால் வரிகளோடு பாடினான். பாட்டை நிறுத்திவிட்டு, பசிக்கிறதா என்று கேட்டால் திணறினான். வாழ்நாள் முழுக்கப் பாட்டுகளைக் கிண்டல் செய்தவனிடம் பாட்டு மட்டும் தங்கிவிட்டது. 'வாய்க்கு வந்தபடி' நின்றுபோனது. ரசிகர்கள் கேட்டு எழுதியவற்றுக்கு மீசை பதில் போடவில்லை. அந்த வாரங்களில் அவன் தேய்த்த லென்ஸ்களில் பாதி ஃபிரேமில் உட்கார மறுத்தன.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு தெரபிஸ்ட் வந்தார். ரேடியோவுக்குப் பழக்கமான பேச்சு ஏதாவது இருந்தால் போட்டுக் காட்டுங்கள், கூடவே சொல்லிப் பார்க்கட்டும் என்றார். அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பழக்கமான பேச்சுக்கா பஞ்சம்? நிகழ்ச்சி முழுவதும் அவள் போனில் இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு காலை மீசை போனபோது, கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவின் தலையில் முடி கட்டைகட்டையாக முளைத்திருந்தது. நடுவில் போன். மீசை செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அந்தக் குரல் கணீரென்று கேட்டது: "குளிர்ல ஹீரோவுக்கு நாலு சட்டை, அதுக்கு மேல ஒரு கோட்டு..."

"குளிர்ல..." என்றான் ரேடியோ. "ஹீ... ஹீரோ... நா..."

அதற்குள் போனில் இருந்தவன் கொசுவலைக்குப் போய்விட்டான்.

"பரவாயில்ல" என்றாள் அவள். "திரும்பப் போடறேன். அவசரமே இல்ல." போட்டாள். அவன் மறுபடி குளிரில் தொடங்கி சட்டையில் விழுந்தான். மறுபடி போட்டாள். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "இது யாரோ பேசினது இல்லீங்க. நீங்க பேசினது. ஒரே மூச்சுல பேசினீங்க. உங்க வாய் இதை ஒரு தடவை சொல்லியிருக்கு, கண்டிப்பா திரும்பச் சொல்லும்."

ரேடியோ தன் குரலையே வெறித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "கோ... கோ..." என்றான். மேஜையில் ஓங்கிக் குத்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் அதைத் துடைத்துவிட்டு மீண்டும் போனைத் தொட்டாள்.

மீசையால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "அண்ணி, அதை நிறுத்துங்க."

"பழகட்டும் தம்பி. அவரு பேசினதுதானே."

"அவன் பேசல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோவும் பார்த்தான்.

"அப்படி அவன் பேசவே இல்ல அண்ணி. யாராலயும் அப்படி மூச்சு விடாம பேச முடியாது. மப்ளர் ஒரு நிகழ்ச்சியில சொன்னது. கிளவுஸ் இன்னொண்ணுல. கொசுவலை ரொம்பப் பழசு. அன்னிக்கு அவனுக்கு எந்த வார்த்தையும் வரல. நான்தான் தேடி எடுத்து ஒட்டினேன்."

ரேடியோ சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு, பிறகு மேஜையைத் தட்டித் தட்டி. அவனுடைய சிரிப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி வாரக்கணக்காகத் தன்னையே வதைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்த ஆளின் சிரிப்பு. மீசைக்கும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தாற்போல் இருந்தது. அசட்டுத்தனமாகக் கூடச் சேர்ந்து சிரிக்கப் போனான்.

அண்ணி சிரிக்கவில்லை.

"எப்போலேருந்து தம்பி?"

மீசை தரையைப் பார்த்தான். "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் அண்ணி."

"ஒரு வருஷமா?"

"முதல்ல ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். அசதின்னு நெனச்சேன். அப்புறம்... நிகழ்ச்சி நல்லா வரணும்னு..."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கோபமாகக் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினாள்.

"நான் வாரா வாரம் கேட்டேன் தம்பி. சிரிக்கறதுக்கு இல்ல. வீட்டுல இவரு வாயே தெறக்கல. ஏதாவது உடம்புக்கா இருக்குமோன்னு பயந்துக்கிட்டு, உங்க நிகழ்ச்சியைப் போட்டுக் கேப்பேன். அதுல கணகணன்னு பேசுவாரு. அப்போ உடம்புக்கு ஒண்ணும் இல்ல, எங்கிட்ட மட்டும்தான் பேசப் பிடிக்கலன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் இவ்வளவு பேசறீங்களே, பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லையான்னு சண்டை போட்டேன். பதில் சொல்லாம நிப்பாரு. திமிருன்னு நெனச்சேன். ரெண்டு வாரம் இவருகூடப் பேசாமகூட இருந்தேன், தெரியுமா?"

மீசைக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று கேட்பது? கட்டி வளர்ந்த ஒரு வருஷத்துக்கா, அவள் பேசாமல் இருந்த ரெண்டு வாரத்துக்கா?

ரேடியோவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. மனைவியையும் நண்பனையும் மாறி மாறிப் பார்த்தான். மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி முன்னால் சாய்ந்தான். உதடு கோணியது. ஏதோ சொல்ல வந்தான். மீசை பழக்க தோஷத்தில் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான், ஆனால் அவன் என்ன சொல்ல வருகிறான் என்று முதல் முறையாக இவனுக்குத் தெரியவில்லை. அண்ணி கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, திரும்பி, போயே போய்விட்டது.

"நான்..." என்றான் ரேடியோ. மூச்சு வாங்கினான். "நான்... தான்... வெட்ட... சொன்னேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் தொடங்கி முடித்த முதல் வாக்கியம் அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து போய் அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பேசிட்டீங்க, பேசிட்டீங்க" என்று அழுதாள். அழுகைக்கு நடுவே அவன் முகத்தை நிமிர்த்தி, "நீங்களா சொன்னீங்க? எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டாள். ரேடியோ அவள் தோளுக்கு மேல் மீசையைப் பார்த்தான். சும்மா இரு என்று சொல்கிற பார்வை. இதை மட்டும் மீசையால் நன்றாகப் புரிந்துகொள்ள முடிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் போதும். தம்பி தம்பியாகவே இருக்கலாம், நாளைக்கும் இந்த வீட்டுக்கு வரலாம்.

"இல்ல அண்ணி" என்றான் மீசை. "அவன் சொல்லவே இல்ல."